தரங்கம்பாடியில் ஒரு மரணம்: சீகன்பால்கு ஐயரும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

துன்பத்திலும் மரணத்திலும் கடவுளை நம்பியிருந்த விசுவாசிகளைப் பற்றிய குறிப்புகள் திருச்சபை வரலாற்றில் மிகப் பல. அவற்றை நாம் அருளுரைகளில் எடுத்துக் கூறுகின்றோம். அடக்க ஆராதனைகளில் நினைவூட்டுகின்றோம். ஆயினும், அந்த நம்பிக்கை எதன்மேல் நின்றது என்னும் வினாவை நாம் போதிய அளவு ஆராய்வதில்லை. துன்பம் நீங்கும் என்னும் எதிர்பார்ப்பின்மேல் நின்றதா? செய்த ஊழியம் பயன் தரும் என்னும் உறுதியின்மேல் நின்றதா? அல்லது இவ்விரண்டும் இல்லாதபோதும் நிலைக்கத்தக்க வேறொன்றின்மேல் நின்றதா?

இவ்வினாவுக்கு விடை காண உதவும் ஒரு வாழ்க்கை, நமக்கு மிக அருகிலேயே உள்ளது. 1719 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23 ஆம் நாள் தரங்கம்பாடியில் பர்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயர் மரித்தார். அவருடைய வருகையையும், அச்சகத்தையும், புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பையும் நாம் நன்கு அறிவோம். விழா எடுத்தும் கொண்டாடுகின்றோம். அவர் எந்நிலையில் மரித்தார் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வெற்றி பெற்ற முன்னோடியாக அவரைக் காண நாம் பழகியிருக்கின்றோம். அவரோ, தம் பணி சரியன்று என்று தம் சொந்தச் சபையின் மேலாளராலேயே கண்டிக்கப்பட்ட மனிதராகக் கண்மூடினார். இந்த உண்மையை மனத்தில் இருத்தியே அவருடைய இறுதி நம்பிக்கையை நாம் ஆராய வேண்டும்.

1. நோயுற்ற இளைஞர்

சீகன்பால்கு, ஜெர்மனியின் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பழைய நூல்கள் அவர் பிறந்த ஆண்டை 1683 என்று குறித்தாலும், 1682 என்பதே இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தந்தையார் தானிய வணிகர். பெற்றோர் இருவரையும் அவர் இளமையிலேயே இழந்தார். அவருடைய தாயார் மரணத் தறுவாயில் பிள்ளைகளை அழைத்து, திருமறையில் அவர்களுக்கென ஒரு செல்வத்தை விட்டுச்செல்வதாகவும், அதன் பக்கங்களைத் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் கூறினார் என்னும் செய்தி மரபுவழி வழங்கி வருகிறது. ஆகவே, மரணப் படுக்கையில் வெளிப்படும் நம்பிக்கை அவருக்கு நூல்வழி அறிந்த பொருளன்று. சிறுவயதில் வீட்டிலேயே கண்டது.

கல்வி கற்ற நாட்களிலும் அவர் உடல்நலம் குன்றியவராகவே இருந்தார். வயிற்று நோய் அவரைப் பலமுறை வாட்டியது. பக்தி இயக்கத்தின் நடுநிலையமாக விளங்கிய ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடம் சிறிது காலம் பயின்றபோதும், நோயின் காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை. நெடுங்கடற் பயணத்துக்கும் வெப்ப நாட்டு வாழ்க்கைக்கும் ஏற்ற உடல் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவரே, டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்று, கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, ஹென்ரிக் புளூட்சோ என்பாருடன் 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்.

2. கோட்டைச் சிறையில் நான்கு மாதங்கள்

மன்னர் அனுப்பியவர்களை மன்னரின் அதிகாரிகள் வரவேற்கவில்லை. தரங்கம்பாடிக் கோட்டையின் தலைவர் ஹாஸியஸ், வணிகக் குழுவின் நலனையே முதன்மையாகக் கருதியவர். அருட்பணியாளரால் ஊரில் குழப்பம் உண்டாகும் என்பது அவருடைய அச்சம். ஐயரும் எளிதில் வளைந்து கொடுப்பவர் அல்லர். அவர் நேர்மையானவர், ஆயின் சினமும் அவசரமும் உடையவர். இதனை அவருடைய வரலாற்றை எழுதியோர் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

1707 மே மாதத்தில் முதல் திருமுழுக்கு நடைபெற்றது. டேனிஷ்காரரிடம் அடிமைகளாயிருந்த ஐவர் அதனைப் பெற்றனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 14 இல் எருசலேம் ஆலயம் படைக்கப்பட்டது. ஆனால் இத்தொடக்கத்தைத் தொடர்ந்து துன்பங்களும் வந்தன. 1708 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட 2000 தாலர் பணம், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரப்படும்போது படகு கவிழ்ந்து கடலில் மூழ்கியது. கையில் பொருளின்றி, பள்ளிப் பிள்ளைகளையும் ஏழைச் சபையாரையும் தாங்கவேண்டிய நிலைக்கு ஐயர் உள்ளானார்.

அவ்வாண்டு அக்டோபர் 17 ஆம் நாள் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதம் கடந்த அளவில், ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் நீதி வேண்டி அவர் தலையிட்டார். வழக்கின் எதிர்த்தரப்பில் இருந்தவர் வணிகக் குழுவின் பணியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஐயரின் தலையீட்டை ஹாஸியஸ் அதிகாரத்துக்கு எதிரான கலகமாகக் கொண்டார். நவம்பர் 19 ஆம் நாள் ஐயர் கைதுசெய்யப்பட்டு டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1709 மார்ச் 26 ஆம் நாள்தான் விடுதலை பெற்றார்.

தொடங்கிய மொழிபெயர்ப்பு நின்றது. புதிதாய்ச் சேர்ந்த சிறு சபை கலங்கியது. எனினும், அச்சிறையிலிருந்து இரு நூல்கள் பிறந்தன. கடவுளுக்கு உகந்த கிறிஸ்தவ வாழ்க்கை எது என்பதைப் பற்றியது ஒன்று. கடவுளுக்கு உகந்த போதக ஊழியம் எது என்பதைப் பற்றியது மற்றொன்று. சிறைப்பட்டவர் தம் வழக்கைப் பற்றி எழுதாமல், சபையையும் ஊழியத்தையும் பற்றி எழுதினார் என்பது கருதத்தக்கது.

சிறைத் துன்பத்தில் ஓர் ஆறுதலும் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஐயரைச் சிறையில் இட்டவர், ஊழியத்தை எதிர்த்த உலக அதிகாரி. அப்போஸ்தலர் காலந்தொட்டு அத்தகைய துன்பத்துக்குத் திருச்சபை பொருள் கூறி வந்துள்ளது. பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடைந்த சிறையோடு தம் சிறையை ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கிறிஸ்தவருக்கும் வழியுண்டு. ஆனால் ஐயருக்குப் பின்னர் வந்த துன்பத்துக்கு இந்த ஆறுதல் இல்லை.

3. சொந்தச் சபையிலிருந்து வந்த கண்டனம்

விடுதலைக்குப் பின் ஊழியம் விரைந்து வளர்ந்தது. 1709 ஜூலையில் யோஹான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லர் வந்து சேர்ந்தார். அவர் ஐயரின் உற்ற தோழரானார். 1711 மார்ச் 31 இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1714 இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715 இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தன. ஐயர் ஐரோப்பா சென்று, மரிய தொரதேயா சால்ஸ்மன் அம்மையாரை மணந்து, 1716 இல் திரும்பி வந்தார். அவ்வாண்டிலேயே எட்டு மாணவரைக் கொண்டு, உள்நாட்டு ஊழியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1717 பிப்ரவரி 9 இல் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11 இல் அது படைக்கப்பட்டது.

இவற்றைப் படிக்கும் நாம் இவை யாவும் போற்றத்தக்க பணிகள் என்று கருதுகின்றோம். ஆனால் கோபன்ஹேகனிலிருந்த அருட்பணிக் கல்லூரிக் குழுவின் செயலாளர் கிறிஸ்டியான் வெண்ட் அவ்வாறு கருதவில்லை. இக்குழுவே மன்னரின் சார்பில் தரங்கம்பாடிப் பணியை மேற்பார்வையிட 1714 இல் நிறுவப்பட்டது. வெண்டின் எண்ணப்படி, அருட்பணியாளர் அப்போஸ்தலரைப் போல எளிமையாய், ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவிக்க வேண்டும். ஆலயம் எழுப்புதல், பள்ளி நடத்துதல், வீடு கட்டுதல், குடும்பம் அமைத்தல் ஆகிய யாவும் அப்பணிக்குப் புறம்பானவை. மனந்திரும்பிய உள்நாட்டவரிடமே சபையை விட்டுவிட வேண்டும்.

வெண்டைத் தீயவர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவருடைய கருத்தில் உண்மையும் கலந்திருந்தது. பொருளாலும் கட்டடங்களாலும் அயல்நாட்டுச் சார்பு மிகுந்து, சபை தன் கால்களில் நிற்க இயலாமற் போகும் இடரை அருட்பணி வரலாறு பின்னர் நன்கு உணர்ந்தது. ஆயின் வெண்ட் தரங்கம்பாடியைக் கண்டவர் அல்லர். திருமுழுக்குப் பெற்றதனால் வீட்டையும் பிழைப்பையும் இழந்தோரின் நிலையை அவர் அறியார். ஆன்மாவுக்கு ஊழியம் செய்பவர் உடலையும் பேண வேண்டும், இவ்விரண்டையும் பிரித்தல் கூடாது என்பதே ஐயரும் கிருண்ட்லரும் கொண்ட நிலை. இரு நிலைகளுக்கும் இடையே கடிதப் போக்குவரத்துக்கு மாதக்கணக்கில் காலம் தேவைப்பட்ட பெருங்கடல் கிடந்தது. ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்த ஓராண்டுக்கு மேலும் ஆகும். இடையில் கண்டனம் கடுஞ்சொல்லாய் மாறியது.

ஐயரின் இறுதிக் காலத்தில் வந்த இக்கண்டனங்கள் அவரை மிகவும் வருத்தின. முன்பே நலிவுற்றிருந்த உடல் இதனால் மேலும் தளர்ந்தது என்பது அவருடைய வரலாற்றை எழுதியோர் பலரின் கருத்து. கடிதமே அவரைக் கொன்றது என்று கூறுவது மிகை. நீண்ட நாள் நோயே மரணத்தின் காரணம். எனினும், தாம் பதின்மூன்று ஆண்டுகளாகச் செய்த பணி முறைப்படியானது அன்று என்னும் தீர்ப்பை, தம்மை அனுப்பியவர் சார்பாகவே கேட்கும் நிலையில் அவர் நோய்ப்படுக்கையில் கிடந்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஹாஸியஸின் சிறைக்கு ஒரு விடுதலை நாள் வந்தது. இந்தக் கண்டனத்துக்கு அவர் உயிரோடிருந்த நாளில் விடுதலை வரவில்லை.

4. இறுதி நாள்

ஐயருடைய இறுதி வேளையைப் பற்றிய செய்திகள், உடனிருந்தோரின் கடிதங்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்து, பின் வந்த வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. அவற்றின் சுருக்கம் வருமாறு. கிருண்ட்லர் அவர் அருகில் இருந்தார். கிறிஸ்துவோடு இருக்கும்படி இவ்வுலகை விட்டுப் பிரிய விரும்புவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை நினைவூட்டினார். தமக்கும் அதுவே உள்ளத்தின் விருப்பம் என்றும், கிறிஸ்துவின் இரத்தத்தால் கழுவப்பட்டு, அவருடைய நீதியை உடுத்தினவராய்த் தாம் செல்ல வேண்டும் என்றும் ஐயர் விடையிறுத்தார். பின்னர், கண்களில் கதிரவன் ஒளி வீசுவது போல மிகுந்த வெளிச்சமாயிருக்கிறது என்று கூறினார் எனக் குறிக்கப்பட்டுள்ளது. இயேசுவே தம் நம்பிக்கை என்று தொடங்கும் ஜெர்மானிய ஞானப்பாட்டை இசைக்கருவியோடு பாடும்படி கேட்டுக்கொண்டார். அதன்பின் சிறிது நேரத்தில் அமைதியாக உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. நான்கு மாதங்களுக்கு முன் தாமே படைத்த புதிய எருசலேம் ஆலயத்திலே அடக்கம்பண்ணப்பட்டார்.

அவர் மேசையில் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் சரித்திரம் வரையில் வந்து நின்றிருந்தது. தமிழர் சமயத்தைப் பற்றி 1713 இல் அவர் எழுதி முடித்த பெருநூல் ஹாலேயில் அச்சேறாமல் கிடந்தது. 1867 ஆம் ஆண்டில்தான் அது சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. வெண்டுக்கு அளிக்க வேண்டிய மறுமொழி கிருண்ட்லரின் தோள்மேல் விழுந்தது. அவரும் ஓராண்டுக்குச் சற்று மேலாக உழைத்து, 1720 மார்ச் 19 ஆம் நாள் மரித்து, தோழர் அடங்கிய அதே ஆலயத்தில் அடக்கமானார்.

இங்கு மற்றொரு கடிதத்தையும் குறிப்பிட வேண்டும். 1719 ஜனவரியில் காண்டர்பரிப் பேராயர் வில்லியம் வேக், சீகன்பால்குக்கும் கிருண்ட்லருக்கும் ஒரு கடிதம் எழுதினார். திருச்சபையின் எந்த உயர்பதவியைக் காட்டிலும் அவர்களுடைய பணி மேன்மையானது என்று அதில் அவர் போற்றியிருந்தார். அக்கடிதம் தரங்கம்பாடியை அடைந்தபோது ஐயர் உயிரோடில்லை. கண்டனக் கடிதம் உரிய காலத்தில் வந்தது. பாராட்டுக் கடிதம் காலம் கடந்து வந்தது. திருச்சபையின் ஊழியர் பலருடைய வாழ்க்கையில் நிகழ்வதும் இதுவே அன்றோ?

5. மரணக் குறிப்புகளை எவ்வாறு படிப்பது?

இறையியல் மாணவர் இங்கு ஒரு வினாவை எழுப்பக்கூடும், எழுப்புதலும் வேண்டும். இத்தகைய மரணக் குறிப்புகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை? நன்மரணத்தைப் பற்றி எழுதுதல் ஐரோப்பியத் திருச்சபையில் இடைக்காலந்தொட்டே ஒரு தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. பக்தி இயக்கத்தாரிடையே அது மேலும் செழித்தது. ஐயர் மரித்த மறு ஆண்டாகிய 1720 இலேயே, விசுவாசிகளின் இறுதி நேரங்களைத் தொகுத்து ஹெங்கல் பிரபு என்பவர் ஹாலேயில் வெளியிடத் தொடங்கினார். அதன் தொகுதிகள் 1733 வரை வெளிவந்தன. தரங்கம்பாடிச் செய்திகளையும் ஹாலே நிறுவனத்தார் 1710 முதல் அச்சிட்டுப் பரப்பி வந்தனர். பொருளுதவி செய்வோரின் உள்ளத்தை எழுப்புதல் அவ்வெளியீடுகளின் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே, ஒரு விசுவாசி எவ்வாறு மரிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, அவர் எவ்வாறு மரித்தார் என்னும் குறிப்பையும் ஓரளவு உருவாக்கியிருக்கலாம்.

இதனை ஒப்புக்கொள்வதால் நாம் எதையும் இழப்பதில்லை. வெளிச்சத்தைக் கண்டதாகக் கூறிய சொல்லை எவரும் ஆய்ந்து உறுதிசெய்ய இயலாது. நம்பிக்கையை அதன்மேல் கட்டுதலும் தகாது. அது நிகழ்ந்திராவிட்டாலும் ஐயருடைய விசுவாசம் குறைவுபடாது. ஆனால் அக்குறிப்பில் வேறொன்று நம் கருத்தை ஈர்க்கிறது. இறக்கும் ஐயர், தாம் செய்தவற்றைக் குறித்து ஒரு சொல்லும் கூறியதாகக் குறிப்பு இல்லை. புதிய ஏற்பாட்டை அவர் காட்டவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் எழுந்த ஆலயத்தைக் காட்டவில்லை. வெண்டின் குற்றச்சாட்டுக்கு எதிராகத் தம் உழைப்பைச் சான்றாக முன்வைக்கவும் இல்லை. கிறிஸ்துவின் இரத்தத்தையும் கிறிஸ்துவின் நீதியையும் மட்டுமே அவர் குறிப்பிட்டார். பொருளுதவி செய்வோரை எழுப்புதற்கு, ஊழியத்தின் பலன்களைச் சொல்லியிருந்தால் அன்றோ மிகுந்த பயன் விளைந்திருக்கும்? அது சொல்லப்படாமையே இக்குறிப்பின் உண்மைக்கு ஒரு சான்றெனக் கொள்ளலாம்.

6. அவர் கேட்ட பாட்டு

அவர் பாடும்படி கேட்ட பாட்டின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. அது 1653 இல் பெர்லினில் வெளியான ஞானப்பாட்டு நூலில் முதன்முதல் ஆசிரியர் பெயரின்றி இடம்பெற்றது. பிராண்டன்பர்க் நாட்டு அரசி லூயிசா ஹென்றியெட்டா அதனை இயற்றினார் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றைய ஆராய்ச்சியாளர் அதனை உறுதியாக ஏற்பதில்லை. முப்பதாண்டுப் போர் 1648 இல் முடிந்து, ஜெர்மானிய நாடுகள் பாழடைந்து கிடந்த காலத்தில் அப்பாட்டு வெளிவந்தது. ஊர்கள் எரிந்து, பஞ்சமும் கொள்ளைநோயும் குடும்பங்களைச் சூறையாடிய பின், எஞ்சியிருந்த மக்கள் அதனைப் பாடினர். யோபு 19 ஆம் அதிகாரத்தில், தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று யோபு அறிக்கையிட்ட பகுதியும், உயிர்த்தெழுதலைப் பற்றிய 1 கொரிந்தியர் 15 ஆம் அதிகாரமும் அப்பாட்டின் அடிப்படை.

யோபு அவ்வறிக்கையை எந்நிலையில் செய்தார் என்பதை நினைவுகூர வேண்டும். பிள்ளைகளும் பொருளும் மீண்டும் கிடைத்த பின்னர் அன்று. சாம்பலில் அமர்ந்திருந்தபோதே செய்தார். நண்பர்கள் அவரைத் தேற்ற வந்து குற்றஞ்சாட்டினர். அதே அதிகாரத்தில் அவர் தம் நண்பர்கள் தம்மைச் சொற்களால் நொறுக்குவதைக் குறித்து முறையிடுகிறார். சமயப் பற்றுடைய நண்பர்களின் கண்டனத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஐயருக்கு இந்த அதிகாரத்தின்மேல் எழுந்த பாட்டு எத்துணைப் பொருத்தமானது!

அப்பாட்டின் முதற்சொற்களில் வரும் ஜெர்மானியச் சொல்லாகிய ‘சூவர்சிக்ட்’ என்பதை நாம் நம்பிக்கை என்று பெயர்க்கிறோம். அச்சொல்லின் உள்ளே பார்வை என்னும் பொருள் அடங்கியுள்ளது. வரவிருக்கும் ஒன்றை நோக்கி எதிர்பார்ப்போடு பார்த்தலே அதன் அடிக்கருத்து. தமிழிலும் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு விருப்பம் என்னும் பொருளையே தொல்காப்பியம் உரியியல் கூறுகிறது. அறிவால் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் மட்டும் நம்பிக்கையாகாது; ஒருவரை விரும்பி அவரை நோக்குதலே நம்பிக்கை. பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் பவுல் கூறுவதும் இவ்விருப்பத்தையே. ஐயர் விடையாகக் கூறியதும் இதுவே.

இக்கருத்து லூத்தரின் போதனையோடும் இயைகிறது. 1519 இல் மரணத்துக்கு ஆயத்தப்படுதலைப் பற்றி அவர் எழுதிய அருளுரையில், மரணத்தையும் பாவத்தையும் நரகத்தையும் அவற்றிலேயே நோக்கலாகாது என்றும், தன்னுள் நோக்கி ஆராய்தலும் ஆகாது என்றும், அவற்றை வென்ற கிறிஸ்துவினிடத்தில் மட்டுமே அவற்றை நோக்க வேண்டும் என்றும் கற்பித்தார். இறப்பவர் தம்முள் நோக்கின் காண்பவை குறைகளே. ஊழியரும் தம் ஊழியத்தை நோக்கின் முடிவுறாத பணியே தெரியும். சில வேளைகளில், அது தவறோ என்னும் ஐயமும் எழும். ஆகவே, நம்பிக்கை நமக்குப் புறம்பே உள்ள ஒருவரைப் பற்றிக்கொள்கிறது. ஆசியாவில் தமக்கு நேரிட்ட இடுக்கணில் பிழைக்கும் எண்ணமே அற்றுப்போயிற்று என்றும், தம்மேல் அன்று, மரித்தோரை எழுப்பும் கடவுள்மேல் நம்பிக்கை வைக்கும்படி அது நிகழ்ந்தது என்றும் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் விளக்குவதும் இவ்வுண்மையே.

7. பிற்காலப் பலனும் நம்பிக்கையும்

ஐயர் விட்டுச்சென்ற பணி அழியவில்லை. அவர் மரித்த ஆண்டிலேயே வந்து சேர்ந்த பெஞ்சமின் ஷுல்ட்சே பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை நிறைவுசெய்தார். 1733 டிசம்பர் 28 இல் ஆரோன் என்னும் தமிழர் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. அயல்நாட்டார் சபையை உள்நாட்டவரிடம் விட வேண்டும் என்று வெண்ட் விரும்பினார். ஐயர் தொடங்கிய பள்ளிகளும் பயிற்சியுமே அதற்கு வழிவகுத்தன. இரு தரப்பாரும் விரும்பியதை, இரு தரப்பாரும் எண்ணாத காலத்தில் ஆண்டவர் நிறைவேற்றினார் எனலாம்.

ஆயினும், இங்கு நாம் கருத்தாய் இருக்க வேண்டும். பின்னர் விளைந்த பலனைக் கொண்டு ஐயருடைய நம்பிக்கையை மெய்ப்பிக்க முயலுதல் கூடாது. அவ்வாறு செய்தால், பலன் தோன்றாத ஊழியர்களுடைய நம்பிக்கை பொய்யாகிவிடும். தம் பெயரும் பணியும் மறக்கப்பட்ட உபதேசிமார் எத்தனை பேர்? அவர்கள் தொடங்கிய சபைகளுள் மறைந்தனவும் உண்டு. அவர்கள் சார்ந்திருந்ததும் அதே கிறிஸ்துவையே. ஐயர் தம் மரண வேளையில் 1733 ஐக் கண்டவர் அல்லர். அவர் கண்டது நின்றுபோன மொழிபெயர்ப்பையும், மறுமொழி எழுதப்படாத கடிதத்தையும், விதவையாகப் போகும் இளம் மனைவியையும்தான். அந்நிலையில் நிலைத்த நம்பிக்கையே நாம் கற்கவேண்டிய நம்பிக்கை.

8. நமது ஊழியத்துக்குச் சில கருத்துகள்

முதலாவது, நோயாளர் அருகில் செல்லும் குருமார், வெற்றியான மரணத்தை அவர்களிடம் எதிர்பார்த்தல் ஆகாது. ஒளியைக் காண்பவரும் உளர். இருளையே காண்பவரும் உளர். அஞ்சி அழும் விசுவாசியின் நம்பிக்கை, புன்முறுவலோடு மரிப்பவரின் நம்பிக்கையினும் குறைந்ததன்று. கெத்செமனேயில் வியாகுலப்பட்ட ஆண்டவர் இருவருக்கும் ஆண்டவரே. நாம் நோயாளரின் மனநிலையை அளந்து பார்க்க அனுப்பப்பட்டவர் அல்லேம். கிறிஸ்துவை அவர் கண்முன் நிறுத்தவே அனுப்பப்பட்டவர்.

இரண்டாவது, ஐயர் தாமே பாடவில்லை. பிறரைப் பாடும்படி கேட்டார். மரிக்கும் மனிதருக்குச் சில வேளை விசுவாச அறிக்கை செய்யும் ஆற்றலும் இராது. அப்போது சபை அவருக்காக அறிக்கை செய்கிறது. அவர் அதன் குரலுக்குள் இளைப்பாறுகிறார். நம் சபைகளில் நோய்ப்படுக்கைகளைச் சுற்றி ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பாடும் வழக்கம் வெறும் சம்பிரதாயம் அன்று. ஒருவர் நம்பிக்கையை அனைவரும் சுமக்கும் ஊழியம் அது. மருத்துவமனை நெறிகள் இவ்வழக்கத்தைச் சுருக்கிவிட்டாலும், மெல்லிய குரலிலேனும் அது தொடர வேண்டும்.

மூன்றாவது, இது மேற்பார்வைப் பொறுப்பில் இருப்போருக்கும், ஒருநாள் இருக்கப்போகும் மாணவருக்கும் உரியது. வெண்டின் கொள்கையில் உண்மை இருந்தது. அதைச் சொன்ன முறையில் அன்பு இல்லை. சிற்றூரில் தனித்து உழைக்கும் ஊழியருக்கு நாம் எழுதும் கடிதம் எந்நாளில், எந்நிலையில் அவர் கைக்குச் சேரும் என்பதை நாம் அறியோம். கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆயின் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவதில் காலந்தாழ்த்தக் கூடாது. பேராயர் வேக்கின் கடிதம் போல் நம் கடிதமும் கல்லறைக்குப் போய்ச் சேரலாகாது.

நான்காவது, நமக்கே உரியது. ஊழியத்தின் பலன்களைக் கணக்கிட்டு ஆறுதல் அடையும் பழக்கம் நம் அனைவரிடமும் உண்டு. ஆண்டறிக்கைகளும் விழா மலர்களும் அப்பழக்கத்தை வளர்க்கின்றன. அக்கணக்கு குறையும் நாளில் நம் நம்பிக்கையும் குறையுமாயின், நாம் இதுவரை எதை நம்பினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்துக்குச் செல்லும் மாணவர், சீகன்பால்குவும் கிருண்ட்லரும் அங்கே அடங்கியிருப்பதைக் காண்பர். கண்டிக்கப்பட்ட இரு ஊழியர், அக்கண்டனத்துக்குக் காரணமான அதே ஆலயத்தில் உறங்குகின்றனர். அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் சரியா தவறா என்பதை வரலாற்றாசிரியர் ஆராயலாம். அவர்களோ அத்தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் காத்திருப்பது, யோபு சாம்பலிலிருந்து நோக்கிய அந்த மீட்பருக்காகவே. நாமும் அவரையே நோக்கி உழைப்போமாக. அவரையே நோக்கிக் கண்மூடவும் அருள் பெறுவோமாக.